விடைபெறும் வேளை

1921-ஆம் ஆண்டு மைசூரு மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ஒருவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று ஊரைவிட்டுப் புறப்பட்டார். மாணவர்கள் மலர்களால் ஒரு வண்டியை அலங்கரித்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ரயில் நிலையம்வரை தாங்களே அதை இழுத்துச் சென்றனர். பின்னாளில் பாரதத்தின் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணனே அந்தப் பேராசிரியர். மைசூருவில் அவர் பணியாற்றியது மூன்றே ஆண்டுகள்.

இத்தகைய வழியனுப்புதல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு சந்தன மாலை, ஒரு பொன்னாடை, சில பாராட்டுரைகள், சிற்றுண்டி; இவற்றோடு முப்பது ஆண்டுப் பணி முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில்தான் சோதனை தொடங்குகிறது. வழக்கமான நேரத்தில் விழிப்பு வருகிறது, போவதற்கு இடமில்லை. சிலர் ஏதேனும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பழைய அலுவலகத்திற்கே செல்கிறார்கள். தம் இடத்திற்கு வந்தவரின் வேலையில் குறை காண்கிறார்கள். வேறு சிலர் கிடைக்காமற்போன ஒரு பதவி உயர்வை எண்ணியெண்ணிப் புழுங்குகிறார்கள். பணி அவர்களை விட்டுவிட்டது. அவர்கள் பணியை விடவில்லை.

விடைபெறுதலும் ஒரு சாதனையே. அதைக் கற்பதற்கு ஏற்ற ஓரிடம் மைசூருவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதுதான் மண்டியா மாவட்டத்து மேல்கோட்டை. வைணவ மரபில் திருநாராயணபுரம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடந்து, பாண்டவபுரம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கிடையே சென்று மலையேற வேண்டும். பங்குனியில் நிகழும் வைரமுடி சேவையின் பெருங்கூட்டம் கலைந்த பிறகு, கோடையின் கடைசி நாட்களில் ஊர் அமைதி கொள்கிறது. உச்சிவெயிலில் பாறை கொதிக்கிறது. மாலையில் மலைக்காற்று வீசுகிறது. மே மாத இறுதியில் ஓய்வுபெறும் ஒருவர், அந்த மாதத்தின் கடைசிச் சனி, ஞாயிறுகளை இங்கே தனிமையில் கழிப்பாராயின், அவருக்குத் துணையாக இவ்வூரின் வரலாறே இருக்கும்.

சோழ மன்னன் ஒருவனால் நேர்ந்த இடரினால் ஸ்ரீராமானுஜர் திருவரங்கத்தை விட்டு ஹொய்சள நாட்டிற்கு வந்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகிறது. விருப்பத்தோடு வந்த இடமன்று இது. எனினும் அவர் இதை ஒரு தங்குமடமாகக் கருதவில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்பகுதியில் வாழ்ந்து, திருநாராயணன் கோயிலை நிலைநிறுத்தினார், வழிபாட்டு முறைகளை வகுத்தார், சீடர்களை உருவாக்கினார். பின்னர் இடர் நீங்கிய செய்தி வந்தது. அவர் திருவரங்கம் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தப் புறப்பாட்டில் மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, நன்றிக்கடனைச் செயலாக்குதல். உற்சவமூர்த்தியான செல்வப்பிள்ளையை வடக்கிலிருந்து கொண்டுவந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்கள் உடனிருந்து உதவினர் என்பது மரபு. ராமானுஜர் வாய்ச்சொல்லால் நன்றி கூறியதோடு நின்றுவிடவில்லை. அவர்களுக்குத் ‘திருக்குலத்தார்’ என்று பெயரிட்டு, குறிப்பிட்ட நாட்களில் கோயிலுக்குள் வந்து வழிபடும் உரிமையையும் அளித்தார். ஓய்வுபெறும் நாளில் மேலதிகாரிகளுக்கு நன்றி கூறுவது எளிது. கோப்புகளைச் சுமந்தவர், தேநீர் கொண்டுவந்தவர், இரவுக் காவல் காத்தவர் ஆகியோருக்கு நாம் என்ன செய்துவிட்டுப் போகிறோம் என்பதே கேள்வி.

இரண்டாவது, தங்கிவிடுவோரின் துயரை மதித்தல். ஆசாரியரைப் பிரிய மாட்டாமல் சீடர்கள் கலங்கினர். அவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை; கல்நெஞ்சராய் விலகவும் இல்லை. தம் உருவிலேயே ஒரு திருமேனி செய்வித்து, அதைத் தழுவி, அவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குத் ‘தமர் உகந்த திருமேனி’ என்று பெயர். தமர் என்போர் தம்மைச் சேர்ந்தவர்கள். அவர்கள் உகந்தது அது. அத்திருமேனியை இன்றும் இங்கே தரிசிக்கலாம். நாம் விட்டுச் செல்வது நம் பெருமையைப் பறைசாற்றுவதாக இருக்கிறதா, பின்வருவோருக்குப் பயன்படுவதாக இருக்கிறதா? தெளிவாக எழுதி வைத்த ஒரு கையேடும், ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்த ஒரு தொழில் நுணுக்கமும் நாம் விட்டுச் செல்லும் திருமேனிகளே.

மூன்றாவதே மிகக் கடினமானது: உண்மையாகவே புறப்படுதல். திருமேனி இங்கே நின்றது, ராமானுஜர் சென்றார். சென்ற இடத்திலும் எல்லாம் பழையபடி அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆசாரியர் பெரியநம்பி பரமபதித்திருந்தார். அன்புச் சீடர் கூரத்தாழ்வான் கண்களை இழந்திருந்தார். இருப்பினும் அந்தத் திருவரங்கத்தையே ஏற்று, தம் எஞ்சிய காலத்தை அங்கே தொண்டில் கழித்தார். பல ஆண்டுகள் மைசூருவிலோ மும்பையிலோ பணிபுரிந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும். இளமையில் விட்டுவந்த ஊர் இப்போது இல்லை. பெற்றோர் இல்லை, பழைய தோழர்கள் பலர் இல்லை. இருக்கின்ற ஊரை இருக்கின்றபடி ஏற்பவருக்கே புதிய அத்தியாயம் திறக்கும்.

மேல்கோட்டையில் ராயகோபுரம் என்று ஒன்று உண்டு. ஓங்கிய கல்தூண்கள் நிற்கின்றன. மேலே எழவேண்டிய கோபுரம் எழவே இல்லை. மாலை வெயில் சாயும் நேரத்தில் அதனருகே அமர்பவருக்கு ஓர் ஆறுதல் பிறக்கும். ‘அந்த ஒரு வேலையையும் முடித்திருக்கலாமே’ என்ற ஏக்கம் இல்லாமல் ஓய்வுபெற்றவர் அரியர். முற்றுப்பெறாத பணியையும் வணங்கி விட்டுவிடலாம். உழைப்பு நம்முடையது, நிறைவேற்றம் நம் கையில் மட்டும் இல்லை.

இவ்விரு நாட்களையும் இவ்வாறு பயன்படுத்தலாம். சனிக்கிழமை காலையில் யோக நரசிம்மர் மலைப்படிகளில் ஏறும்போது, தமக்கு உதவியவர்களை ஒவ்வொருவராக நினைவுகூரலாம். மாலையில் கல்யாணிக் குளத்துப் படியில் அமர்ந்து, மனத்தை உறுத்தும் குறைகளை ஒரு தாளில் எழுதலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இருந்தால் அந்தப் பெயரையும் மறைக்காமல் எழுதலாம். ஞாயிறன்று மௌனம் காத்து, பிறரிடம் ஒப்படைக்க வேண்டியவற்றையும், இனி ஏற்க வேண்டிய ஒரு சிறு தொண்டையும் தீர்மானிக்கலாம். ஊருக்கு வர இயலாதவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே இதைச் செய்யலாம்.

திங்கட்கிழமை காலையில் வழக்கமான நேரத்தில் விழிப்பு வரும். அன்றும் போவதற்கு அலுவலகம் இல்லை. ஆனால் அந்தத் தாளில் உள்ள முதல் பெயருக்குரியவரைத் தேடிச் செல்லலாம்.