மடிக்கணினியும் கிராபிக்ஸ் கார்டும்

தமிழ் பயில்வான் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். சென்ற பருவத்தில் விடுதி நண்பரொருவர், தம் மடிக்கணினியில் விளையாட்டுக்கள் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடுதல் கண்டு, அதனைப் பாதி விலைக்கு விற்றுவிடத் துணிந்தனர். உண்மையிற் பழுது கருவியிலன்று; அமைப்பிலேயே இருந்தது.

விளையாட்டுக்கெனச் செய்யப்பெறும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் வேலைக்கு இரண்டு சில்லுகள் உண்டு. ஒன்று பிராசஸரோடு ஒருங்கே அமைந்தது. மின்சாரத்தைச் சிறிதே கொள்வது. தனக்கென நினைவகமின்றிக் கணினியின் பொது ராமையே பங்கிட்டுக் கொள்வது. மற்றொன்று தனித்து நிற்பது; தனக்கேயுரிய நினைவகமுடையது; ஆற்றலும் மிக்கது, வெப்பமும் மிக்கது. கட்டுரை எழுதுதற்கு முன்னதே சாலும். ஆதலின், பாட்டரி நெடிது நிற்றற்பொருட்டு, வேண்டும்போது மட்டும் பின்னதை எழுப்பும் ஆப்டிமஸ் என்னும் முறையை என்விடியா நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்டனர். எவ்விளையாட்டிற்கு எச்சில்லு என்பதைக் கணினி தானே தெரிந்துகொள்ளும். அத்தெரிவு சிலகாற் பிழைபடும். நண்பர்க்கு நேர்ந்தது அதுவே.

பிழையை அறியும் வழி எளிது. விளையாட்டை ஓடவிட்டு, டாஸ்க் மானேஜரில் பெர்ஃபார்மன்ஸ் என்னும் பகுதியை நோக்குக. ஜிபியு 0, ஜிபியு 1 என இரண்டு காணப்படும். எண் கொண்டு துணியாது, பெயர் நோக்கித் தெளிக. தனிக்கார்டு வாளா இருப்ப, மற்றது முழுதும் உழைக்குமாயின் குற்றம் வெளிப்பட்டதாம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என முறையே சென்று, அவ்விளையாட்டிற்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைக் கொள்க. விளையாட்டை மூடி மீளத் திறந்தாலன்றி மாற்றம் பயன் தராது. எல்லா மென்பொருட்கும் இதனையே இடுதல் தகாது. பாட்டரி விரைந்து தீரும். சார்ஜரின்றி ஆடுங்கால் தனிக்கார்டும் தன் முழுவலியைக் காட்டாதென்பதை நண்பர் பலர் மறந்துவிடுகின்றனர்.

இனி, விளையாட்டினுள்ளே உள்ள தெரிவுகள். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுக்க வேண்டின், ஒரு படத்தை வரைதற்குக் கார்டு பெறும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லி செகண்டே. 1920×1080 அளவாயின் அதற்குள் 20,73,600 பிக்சல்களை நிரப்பல் வேண்டும். 1280×720 எனின் 9,21,600. ஆயினும் இவ்வளவைக் குறைத்தலை யான் கடைசிக்கே வைப்பேன். திரையில் எழுத்து மங்கிவிடும். நிழலை முதலிற் குறைத்தல் நன்று. சுமை பெரிதும் குறையும், கண்ணுக்கு இழப்பு சிறிது. டெக்ஸ்சரின் தரம் கார்டின் நினைவகத்தைப் பொறுத்தது. இடம் போதுமாயின் அதனைக் குறைப்பதாற் பெரும்பயனில்லை.

நண்பர் தம் கணினியை விற்றிலர். தேர்வு நெருங்கிய நாளில், அவரே அவ்விளையாட்டைப் ‘பவர் சேவிங்’ என்பதற்கு மாற்றி வைத்தனர்.