களத்திற்கு வேண்டிய சிமெண்டு மூட்டைகளைக் கணக்கிடும் முறை

கொல்லிமலையிலுள்ள 14 நாடுகளுள் எடப்புளி நாடும் ஒன்றாகும். மலையில் விளையும் மிளகு, காப்பி, சாமை, கேழ்வரகு ஆகிய யாவற்றிற்கும் பறித்தபின் உலர்த்தச் சமமான களம் வேண்டும். சாணம் மெழுகிய மண்களத்தில் ஒரு நாள் எதிர்பாராத தூறல் விழுந்தால், மிளகில் மண் ஒட்டுவதும் காப்பியில் பூசணம் பற்றுவதும் உண்டு. விலையும் அதற்குத் தக்கவாறு தாழும். இதனை உத்தேசித்தே குடியானவர் சிமெண்டுக் களம் போட முற்படுகின்றனர்.

களம் போடுங்கால் முதலில் எழும் கேள்வி, எத்தனை மூட்டை சிமெண்டு வேண்டும் என்பதாம். சமவெளியில் ஐந்து மூட்டை குறைந்தால் கடைக்கு ஆளனுப்பி ஒரு நாழிகையில் வருவித்துக் கொள்ளலாம். மலையிலோ, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டி மறுபடியும் ஏறி வரவேண்டும். அதற்குள் பாதி போட்ட கான்கிரீட்டு இறுகிவிடும்; மறுநாள் அதனையடுத்துப் போடுவது பழையதோடு ஒட்டாது; அவ்விடத்திலேயே வெடிப்புக் காணும். மிகுதியாக வாங்கினாலும் நஷ்டமே. மலைக்காற்றின் ஈரத்தால் மூட்டைக்குள் சிமெண்டு கட்டி தட்டும்.

இப்போது விற்கப்படும் மூட்டை 50 கிலோ நிறையுள்ளது. அது ஏறக்குறைய 1¼ கன அடி இடம் கொள்ளும். அமெரிக்காவில் மணலும் ஜல்லியும் சேர்த்தே மூட்டையில் கட்டி விற்பர். 80 பவுண்டு மூட்டையொன்றுக்கு 0.6 கன அடி கான்கிரீட்டு என்று கணக்கு எளிதாக முடியும். நம்மிடத்தில் மூட்டையில் வருவது சிமெண்டு மாத்திரமே. ஆதலால் கலவையின் அளவைத் தனியே அறிதல் அவசியம்.

களத்திற்கு ஏற்ற கலவை, சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, முக்கால் அங்குல ஜல்லி நான்கு பங்கு. இவ்வேழு பங்கையும் நீர் விட்டுக் கலந்தால் ஏழு பங்கு கான்கிரீட்டு வரும் என்று அநேகர் எண்ணுவர். வருவது நாலரைப் பங்கே. பலாக்கொட்டை நிறைந்த கூடையில் சாமையைக் கொட்டினால் அது இடுக்குகளில் இறங்கி மறைவது போல, மணல் ஜல்லியின் இடுக்கிலும், சிமெண்டு மணலின் இடுக்கிலும் அடங்கிவிடுகின்றன. இதன்படி 100 கன அடி கான்கிரீட்டுக்கு 18 மூட்டை செல்லும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள களத்தை உதாரணமாகக் கொள்வோம். பரப்பு 600 சதுர அடி. பாரவண்டி ஏறாத களத்திற்கு 4 அங்குலக் கனம் போதுமாதலால், கான்கிரீட்டு 200 கன அடி. சிமெண்டு 36 மூட்டை. சிந்துவதற்கும் சேதத்திற்கும் இரண்டு கூட்டி 38 என்று கொள்க. மணல் 88 கன அடியும் ஜல்லி 176 கன அடியும் வேண்டும்.

காகிதத்தில் கணக்கு இவ்வளவே. பிழை நேருவது கனத்தில். மேற்படி களத்தில் ஓர் அங்குலக் கனம் கூடினால் 50 கன அடி கூடும். அதாவது 9 மூட்டை. மலைச்சரிவை ஒருபுறம் வெட்டி, அம்மண்ணை மறுபுறம் நிரப்பிச் சமமாக்கிய நிலத்தில் மேடு பள்ளம் ஓர் அங்குலத்தினும் மிகுதியாகவே இருக்கும். நிரப்பிய பக்கத்தை நீர் தெளித்து நன்கு திமிசு போட்டு இறுக்காவிடில், பள்ளங்கள் சிமெண்டை விழுங்குவதன்றி, களமும் பின்னர் அமிழ்ந்து உடையும். நீர் வடிய வாட்டம் வேண்டுமென்று ஒரு கோடியில் கான்கிரீட்டை 3 அங்குலம் உயர்த்துவோரும் உளர். சராசரியில் அது ஒன்றரை அங்குலமாகி, 13 மூட்டைக்கு மேல் வீணாகின்றது. வாட்டத்தை மண்ணிலேயே வெட்டிவிட்டால் இச்செலவு இல்லை.

ஆகையால் நிலத்தைச் செப்பனிட்ட பின்னரே மூட்டையைக் கணக்கிடல் வேண்டும். களத்தின் நான்கு மூலையிலும் முளையடித்து, முடிவில் கான்கிரீட்டின் மேல்மட்டம் நிற்கவேண்டிய உயரத்தில் நூல் கட்டி, குறுக்கும் நெடுக்கும் 20 இடங்களில் நூலுக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து சராசரி காண்க. அதுவே மெய்யான கனம். ஊராட்சிச் செலவில் பொதுக்களம் அமைக்கும் அதிகாரிகள் இவ்வளவுகளைக் கான்கிரீட்டு போடுமுன் அளவுப் புத்தகத்தில் பதிந்துவைப்பது நலம். போட்டபின் கனத்தை அறியக் களத்தை உடைத்துப் பார்க்க வேண்டிவரும்.

களம் முழுவதையும் ஒரே நாளில் போட முயலுதல் வேண்டா. 10 அடிச் சதுரமாக ஆறு பத்திகளாய்ப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடுக. பத்தியொன்றுக்குச் சரியாக 6 மூட்டை செல்லும். முதற்பத்தி முடிந்ததும் காலிப் பைகளை எண்ணுக. ஏழு இருந்தால், களம் 36 அன்று, 42 கேட்கின்றது என்பது முதல்நாளே தெரிந்துவிடும். எஞ்சியதை வருவிக்க அவகாசமும் கிடைக்கும். குறைவு நேரினும் பத்தியின் ஓரத்தில் வேலை நிற்குமேயன்றி நடுவில் நில்லாது.

கூடையால் அளப்பதில் கைக்குக் கை வேறுபாடு உண்டு. உள்ளளவு 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல ஆழம் உள்ள பெட்டி சரியாக 1¼ கன அடி கொள்ளும். மூட்டைக்கு மணல் இரண்டு பெட்டி, ஜல்லி நான்கு பெட்டி. ஈரமணல் பொருமி நிற்பதால் பெட்டியில் மணல் குறைந்தே விழும். கான்கிரீட்டின் அளவு சுருங்கி, மூட்டை கூடுதலாகச் செல்லும். இதனை அறிய, ஒரு பாத்திரத்தில் 8 அங்குல உயரம் ஈரமணலிட்டு, நீர் நிரப்பிக் குச்சியால் கிளறி அடங்கவிடுக. மணல் 6½ அங்குலத்திற்கு இறங்கினால், ஆறரைப் பெட்டிக்கு எட்டுப் பெட்டி வீதம் இடவேண்டும். அப்போது 88 கன அடிக்கு 108 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் தேவைப்படும்.

நீர் மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர்; மணலில் ஏற்கெனவே உள்ள ஈரத்தை அதிற் கழித்துக் கொள்க. கலவை இலகுவாக ஓடவேண்டுமென்று ஆட்கள் குடம் குடமாய் ஊற்றுவதைத் தடுத்தல் வேண்டும். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல், பத்து அடுக்குக்கு மேற்படாமல் அடுக்கித் தார்ப்பாயால் மூடுக. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட சிமெண்டைச் சோதியாமல் களத்திற்கு இடலாகாது. போட்ட பத்தியை ஈரச்சாக்கால் மூடி, சாதாரணச் சிமெண்டாயின் 7 நாளும், பி.பி.சி. என்று அச்சிட்ட மூட்டையாயின் 10 நாளும் குறையாமல் நனைத்து வருக. மிளகு காயப்போடுவது அதன் பின்னரே.