கன்னடத்தில் பேரம் பேசலாம் வாங்க!

பாகலூரில் மாலூர் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கர்நாடகம். அப்ரண்டிஸ், இன்-பிளான்ட் டிரெயினிங் என்று நம்மில் பலர் மாலூருக்கும் பொம்மசந்திராவுக்கும் போகப் போகிறோம். முதல் ஸ்டைபண்டில் ஒரு சட்டை எடுக்கவாவது நாலு வார்த்தை வேண்டாமா?

பயப்படாதீங்க, பாதி நம்ம பாஷைதான். கடைக்கு 'அங்கடி', அதாவது நம் அங்காடி. நம்முடைய 'ப' அங்கே பல சொற்களின் தொடக்கத்தில் 'ஹ' ஆகும்: பால் 'ஹாலு', பூ 'ஹூவு', பத்து 'ஹத்து'. ஆனால் சொல்லுக்கு நடுவே மாறாது. இருபது 'இப்பத்து' தான். பணம் எண்ணும்போது கவனம்! 'எப்பத்து' 70, 'எம்பத்து' 80. சந்தை இரைச்சலில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். சீட்டில் எழுதித் தரச் சொல்வது உத்தமம்.

'எஷ்டு?' என்றால் எவ்வளவு. 'ஜாஸ்தி ஆய்து', விலை கூடுதல். 'ஸ்வல்ப கடிமெ மாடி', கொஞ்சம் குறைச்சுக்குங்க. மாடி, கொடி என்று இகரத்தில் முடிவதுதான் மரியாதை. 'மாடு', 'கொடு' என்றால் ஒருமை. வயசான கடைக்காரரிடம் 'கடிமெ மாடு' என்று சொல்லிப் பாருங்கள், குறைக்க நினைத்த பத்து ரூபாயும் குறையாது! தெலுங்கு பேசும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 'சால' என்று போர்டில் பார்த்தால் நிறைய என்று நினைக்காதீர்கள், அது கடன். 'சால கேளபேடி' என்றால் கடன் கேட்காதீங்க.

தள்ளுபடிக்கு 'ரியாயிதி', சதவீதத்துக்கு 'ஷேகடா'. 50 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் பொடியாக 'ரவரெகெ'. ஐம்பது வரை என்று அர்த்தம். ஒரு மூலை ரேக்குக்கு மட்டும் ஐம்பது, மற்றதுக்குப் பத்தாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள்.

இந்த எண் வம்பு உலகம் முழுக்க உண்டு. ஹாங்காங்கில் கான்டனீஸ் மொழியில் 'பாத் ஜித்' என்று எட்டு போட்டிருந்தால் 80 சதவீதம் தள்ளுபடி என்று துள்ளக்கூடாது. பத்தில் எட்டுப் பங்கு பணம் கட்டணும். தள்ளுபடி 20 தான். ஆக, எண் சின்னதாக இருந்தால்தான் லாபம். 'கெய் தோ சின்?' என்பது அவர்களுடைய 'எஷ்டு?'.

இன்னொரு சங்கதி. நம்ம ஆடி போலவே அவர்களுக்கு ஆஷாடம்; கல்யாணம் இல்லை, துணி வியாபாரம் மந்தம், அதனால் தள்ளுபடி. அவர்கள் மாதம் சந்திரக் கணக்கு. நம்ம ஆடி பிறக்கும் முன்பே ஆரம்பித்து, பெரும்பாலும் ஆடி அமாவாசையோடு முடிந்துவிடும். முதலில் அங்கே பார்த்துவிட்டு, பிறகு ஓசூருக்கு வரலாம்.