பெட்ரோல் காக் ஒழுகுதுங்களா?

திருப்பூரில் பெட்ரோல் காக்கைத் திருப்பாத கை இருக்காது. கட்டிங் பண்டலை முன்னால் வைத்து ஓவர்லாக் யூனிட்டுக்கும் செக்கிங்குக்கும் ஓடிய டிவிஎஸ் 50, முதலாளியின் சேத்தக், அவர் தம்பியின் யெஸ்டி என எல்லாவற்றிலும் ஆன், ஆஃப், ரிசர்வ் உண்டு. அதனால் யாராவது பழைய ஃபோர்டோ ஆஸ்டினோ வாங்கி பனியன் குடோனில் நிறுத்தி, அதன் காக் சொட்ட ஆரம்பித்தால், வருகிறவர் போகிறவர் எல்லாம் வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. கொஞ்சம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. மீதி ஆபத்து.

இந்தக் காலத்து காரில் இல்லாத காக் அந்தக் காலத்து காருக்கு எதற்கு? 1927 கடைசியில் வந்து, ஏறக்குறைய 48 லட்சம் வண்டிகள் விற்ற ஃபோர்டு மாடல் ஏ-வைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்கு முன்னால், ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையில் தானே கார்புரேட்டருக்கு இறங்கும். வண்டி நின்றாலும் அது இறங்கத்தான் பார்க்கும். கார்புரேட்டர் ஊசியில் ஒரு தூசி சிக்கினால் போதும், தரையில் குளம். தடுப்பதற்கு இருப்பது அந்த ஒரு காக் மட்டுமே. காக்குக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1961 வரை வந்த வோக்ஸ்வேகன் பீட்டில்களில் பெட்ரோல் முள் இல்லை. காலடியில் இருந்த காக்கை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டி வந்தால்தான் பெட்ரோல் தீர்கிறது என்று தெரியும்.

"சொட்டுத்தானுங்க, ஈரங்கூட இல்ல, வாசம் மட்டுந்தான் வருது"

இருப்பதிலேயே மோசமான நம்பிக்கை இதுதான். ஈரம் தெரியாததற்குக் காரணம், பெட்ரோல் விழுந்த கையோடு காற்றில் போய்விடுவது. நம்மூர் வெயிலில் சுற்றிலும் காய்ந்தே இருக்கும். காக்கின் அடியில் பழுப்பாக ஒரு பிசின் கறை மட்டும் மிஞ்சும். அந்தக் கறைதான் சாட்சி. கணக்கும் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. மில்லிக்கு 40 சொட்டு என்று வைத்தாலும், நொடிக்கு ஒன்று விழுந்தால் ஒரு நாளில் இரண்டு லிட்டரைத் தாண்டும்.

அந்த இரண்டு லிட்டர் காணாமல் போவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கில் புகுந்து, பள்ளத்தில் தங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவி அது. பக்கத்து அறையில் அயர்ன் டேபிள், சுவிட்ச் போர்டு, மூலையெல்லாம் பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனி வளாகத்தில் ஒழுகுகிற வண்டியை நிறுத்துகிறவர் இதை மட்டுமாவது யோசிக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், காக்கைச் சுற்றி பனியன் வேஸ்ட் கட்டிவைப்பது. வேஸ்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? நாட்டில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கை துடைக்கத் திருப்பூர்த் துணி கிடைக்கும். ஆனால் கட்டிய துணி ஒழுகலை நிறுத்தாது. பெட்ரோலை உறிஞ்சி, பரப்பி, இன்னும் வேகமாக ஆவியாக்கும். விளக்குத் திரி செய்கிற அதே வேலை.

"சோப்பு அப்பினா நின்னுருமுங்க, இல்லீன்னா எம்-சீல்"

சோப்பு விஷயம் பொய்யில்லை. சோப்பு பெட்ரோலில் கரையாது. அவிநாசி ரோட்டில் நடுவழியில் டேங்கில் பொத்தல் விழுந்தால், பார் சோப்பைக் குழைத்து அப்பிவிட்டு வீடு வந்து சேரலாம். அத்தோடு சரி. எம்-சீல் பெட்ரோல் ஈரத்தின் மேல் பிடிக்காது. காய்ந்த இடத்தில் பிடித்துவிட்டால் அதைவிட மோசம்: அடுத்தவர் காக்கைக் கழற்ற உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டிவரும்.

இரண்டிலும் தப்பு ஒன்றே. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் வெளியே பூசுகிறோம். காக் மூன்று இடத்தில் ஒழுகும். டேங்கிலோ பைப்பிலோ சேரும் மரையில் ஒழுகலாம். கைப்பிடித் தண்டின் ஓரமாக ஒழுகலாம். மூடியிருக்கும்போதே உள்ளுக்குள் கசிந்து, ஆஃப் என்று காட்டிக்கொண்டே பெட்ரோலை விடலாம். மூன்றாவது வகையில் காக் எலும்பு போல் காய்ந்திருக்கும், கார்புரேட்டர் சொட்டும். மாடல் ஏ-வின் கார்புரேட்டர் கீழிருந்து மேலே இழுக்கும் வகை என்பதால் மிஞ்சிய பெட்ரோல் காற்று வரும் வாய் வழியே தரைக்கே வந்துவிடும். உடனே கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு ஒரு வாரம் வீணாக்குகிறார்கள். காக்கை மூடி, பைப்பைக் கழற்றி, அடியில் ஒரு கண்ணாடி டம்ளர் வைத்தால் அரை மணியில் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

"நூல் சுத்தி டைட் வெச்சா போதும்"

தண்டின் ஓரத்துக்கு நூல் பேக்கிங் பழைய முறைதான். அது பருத்தி நூலாக, கிராஃபைட் தடவியதாக இருந்தது. இன்று கோன் கோனாகக் கிடைக்கும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். வழவழப்பானது, ஊறி இறுகாது. மெஷின் ஆயிலும் சாதாரண கிரீஸும் பெட்ரோலில் கழுவிப் போய்விடும். டெஃப்லான் டேப்பைப் பெட்ரோல் ஒன்றும் செய்யாது. ஆனால் மரை நுனியில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அது அறுந்து ஜெட்டில் போய் உட்காரும். விரித்த வாய் வைத்த பைப் இணைப்பில் டேப்புக்கு வேலையே இல்லை. அங்கே அடைப்பது உலோகத்தோடு உலோகம். மரை வெறும் இழுப்புக்குத்தான்.

"கிரைண்டிங் பேஸ்ட் போட்டு அரைச்சா புதுசாயிரும்"

பாதி சரி. பித்தளைக் கூம்பு, பித்தளைக் குழியில் சுழலும் காக்குகளுக்கு இந்த வேலை உண்டு. ஆனால் இன்ஜின் வால்வுக்கு வைத்திருக்கும் கரகர பேஸ்ட் ஆகாது. பித்தளை மெத்தென்றது, அதில் மணல் போல் பேஸ்ட் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு காக்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது தன்னையே அறுத்துக்கொள்ளும். பிராஸோ போன்ற பாலிஷே போதும். முதலில் கூம்பின் மேல் நீளவாக்கில் பென்சில் கோடுகள் போட்டு, குழியில் வைத்து லேசாகத் திருப்பி எடுங்கள். கோடு அழிந்த இடம் உரசுகிறது, அழியாத இடம் தொடவே இல்லை. எல்லாக் கோடும் சீராக அழியும்வரை, அழுத்தாமல், முன்னும் பின்னுமாக.

அதிகம் அரைத்தால் வேறு வினை வரும். கூம்பு உள்ளே இறங்க இறங்க, அதன் துளையும் உடலின் துளையும் நேருக்கு நேர் நிற்காது. ஒழுகல் நிற்கும், ஆனால் வண்டி மேட்டில் பெட்ரோல் பத்தாமல் திணறும். ஆழமான கோடு விழுந்திருந்தால் அரைக்காதீர்கள். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் ஒரு பித்தளைக் கூம்பு கடைந்து வாங்குவது பெரிய காரியமில்லை.

அந்தக் கோட்டைப் போட்டது யார்? டேங்கில் உதிர்ந்த துரு. டேங்கைக் கழுவாமல், உள் வலையைப் பார்க்காமல் காக்கை மட்டும் சரிசெய்தால் சீக்கிரமே மறுபடி அதே சொட்டுத்தான்.

"கார்க்க சுடுதண்ணில போட்டா உப்பிக்கும், மேல ஷெல்லாக் தடவிக்கலாம்"

பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த எவார்ட்ஸ் மாதிரியான காக்குகளில் அடைப்பது கார்க். வண்டி பல மாதம் காலி டேங்கோடு நின்றால் அது சுருங்கும். கொதிநீரில் போட்டால் உப்பும் என்பது முழு உண்மை. வெடித்துப் போகாத கார்க் இதில் உயிர்பெறும். பிறகு பெட்ரோலில் நனைந்தே இருக்க வேண்டும்.

ஷெல்லாக் விஷயம் வேறு. அரக்கிலிருந்து வரும் அந்தப் பூச்சு பெட்ரோலில் கரையாது. அதனால்தான் பழைய மேஸ்திரிகள் கேஸ்கட்டுக்கும் கார்க் மிதவைக்கும் அதைத் தடவினார்கள். ஆனால் அது ஆல்கஹாலில் கரையும். 2022-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் ஆனது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, இன்று பங்கில் சாதாரணமாகக் கிடைப்பதே அதுதான். மேஸ்திரி சொன்னதில் குற்றமில்லை, பெட்ரோல்தான் மாறிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் வாஷர்களுக்கும் இதே கதி: உப்பும், இளகும், பிறகு காய்ந்து வெடிக்கும். வைட்டான் ஓரிங் வாங்குங்கள். விலை கூடுதல்தான், பரவாயில்லை.

"தண்ணிக் குழாய் வால்வு போதுமுங்க, பித்தளை பித்தளைதானே"

உடல் பித்தளைதான். உள்ளே இருக்கும் ஓரிங் தண்ணீருக்குச் செய்தது. அப்படிப்பட்ட வால்வுகளில் பரவலாக வரும் ஈபிடிஎம் ரப்பர் வெந்நீருக்கு அருமையானது. பெட்ரோலில் தாறுமாறாக உப்பிவிடும். பெட்ரோலுக்கு என்று போட்டிருக்கும் வால்வைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த முறையில் சரிசெய்தாலும் வேலை வெட்டவெளியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டேங்கைக் காலிசெய்துவிட்டு. சரிசெய்த காக்கை மாட்டும் முன் டீசல் ஊற்றி ஓர் இரவு தொங்கவிட்டு, அடியில் பேப்பர் விரியுங்கள். டீசல் பெட்ரோலைப் போல் பறந்து போகாது. கசிந்தால் கறை காலையிலும் அங்கேயே இருக்கும்.

"காக்கை மாத்தினா வின்டேஜ் போயிரும்"

போகாது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற தனி எண் வரிசை கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. அந்தக் கணக்கில் ஒரு பெட்ரோல் காக் வராது. கண்காட்சி நடுவர்கள் பழைய காக்கைக் கேட்கலாம். அதற்காகக் கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருங்கள். அளவெடுத்து இன்னொன்று கடைவதற்கும் அதுதான் மாதிரி.