கலர் குடித்தால் தாகம் அடங்குமா?

வீட்டுக்கு ஆள் வந்தால், "ஓடிப்போய் ஒரு கலர் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை விரட்டுவது நம் வழக்கம். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறிய தமிழர்கள் இந்த வழக்கத்தையும் அந்தமானுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அபர்டீன் பஜாரில் கடைக்குக் கடை குளிர்பான ஃபிரிட்ஜ் இருக்கிறது. பாட்டிலோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் நம் வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன.

நம்பிக்கை: இந்தப் புழுக்கத்துக்கு ஜில்லென்று ஒரு கலர் குடித்தால்தான் தாகம் அடங்கும்.

உண்மை: பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர்தான், தாகம் தணியத்தான் செய்யும். வினை, கூடவே வரும் சர்க்கரையில் இருக்கிறது. கோலா பாட்டிலின் லேபிளைப் பாருங்கள்: 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம். 600 மில்லி பாட்டிலைக் காலி செய்தால் 64 கிராம், அதாவது 16 டீஸ்பூன். ஒரு டம்ளர் டீயில் இத்தனை ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் துப்பிவிடுவோம். பாட்டிலில் குளிர்ச்சியும் புளிப்பும் அந்தத் தித்திப்பை மறைத்துவிடுகின்றன. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு.

நம்பிக்கை: ஒல்லியாக இருப்பவரை இது ஒன்றும் செய்யாது.

உண்மை: தினமும் ஒன்றிரண்டு இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கு, எப்போதாவது குடிப்பவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்று 2010இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது; அளவு மீறினால் கொழுப்பாக மாற்றி அங்கேயே சேர்த்துக்கொள்ளும். ஒல்லியானவருக்கும் கொழுப்புக் கல்லீரல் வரும்.

நம்பிக்கை: பிள்ளைக்கு வயிற்றுப்போக்கா? கேஸ் போன கலரைக் கொடுத்தால் தெம்பு வரும்.

உண்மை: இதுதான் ஆபத்தான நம்பிக்கை. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், குளிர்பானத்தில் ஏறக்குறைய எட்டு மடங்கு சர்க்கரை. அது குடலுக்குள் இன்னும் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உடல் இழந்த உப்போ அதில் இல்லாத மாதிரிதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும்.

நம்பிக்கை: கப்பலில் குமட்டினால் சோடா குடிக்க வேண்டும்.

உண்மை: சோடாவின் வாயு ஏற்கெனவே கலங்கிய வயிற்றை இன்னும் உப்ப வைக்கும். மேல்தளத்தில் காற்றாட நின்று, கடலும் வானும் சேரும் கோட்டைப் பாருங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

நம்பிக்கை: மாம்பழப் பானம் பழம்தானே!

உண்மை: பழப் பானம் என்று விற்க 10 சதவீதம் பழம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்.

நம்பிக்கை: 'டயட்' என்று போட்டிருந்தால் பயமில்லை.

உண்மை: சர்க்கரை இல்லை, சரி. ஆனால் எடை குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. அமிலமும் அப்படியே இருக்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் அளவு சுமார் 2.5. குடித்த கையோடு பல் துலக்கினால் இளகிய எனாமல் தேயும். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

இந்தத் தீவுகளில் தென்னைக்குப் பஞ்சமில்லை. இளநீரில் குளிர்பானத்தின் பாதி சர்க்கரைகூடக் கிடையாது. பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் குடிக்க வேண்டும். அடுத்த முறை வீட்டுக்கு ஆள் வந்தால் பிள்ளையைக் கடைக்கு விரட்டாதீர்கள். இளநீரைச் சீவுங்கள், இல்லையென்றால் மோரைக் கலக்குங்கள். அதுவும் இல்லையா, ஒரு சொம்புத் தண்ணீர் போதும். நம் வீடுகளில் விருந்தாளியை முதலில் வரவேற்றது அதுதான்.