டை ராடைத் தொடுமுன்...

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லையே, தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். "நீ ஆட்டோமொபைல்தானே? அந்த ஜீப் கதைய எழுது" என்று பிடித்துக்கொண்டார். ஜீப் கதை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதில் நான் அசடு வழிந்ததும் தெரியும். ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு தொழிற்பயிற்சிக்குப் போகவிருக்கும் இளைய நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்று, கதையையும் பாடத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குப் பயிற்சி கிடைத்தது போடிநாயக்கனூரில் ஒரு பட்டறையில். போடியைத் தெரிந்தவர்களுக்கு ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். மலைச்சாலை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். தோட்டத்துக்குள் போய்விட்டாலோ மண் பாதைதான். மழை பெய்தால் சேறு. அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு அங்கே தனி மரியாதை.

ஒருநாள் மத்தியானம் அப்படி ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வந்து நின்றது. வண்டி ஓட்டுநருக்கே சொந்தம். தவணை இன்னும் முடியவில்லை.

"தம்பி, வண்டி கைய உதறுது. நாப்பதைத் தாண்டினா ஸ்டேரிங்கப் பிடிக்க முடியல. ஆள் ஏத்திக்கிட்டுப் போறப்ப அவ்வளவாத் தெரியல. தோட்டத்துல எறக்கிவிட்டுட்டு, முந்தல் தாண்டிச் சமதளத்துல வெறும் வண்டியா வர்றப்பத்தான் பேயாட்டம் ஆடுது."

நோயின் ஜாதகம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. நான் காதில் வாங்கவில்லை. மேஸ்திரி அன்று ஊரில் இல்லை. முன்சக்கரம் உதறினால் டோ-இன் பார்க்க வேண்டும் என்று படித்தது மட்டும் நினைவில் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்தேன். டை ராடின் கிளாம்புகளைத் தளர்த்தினேன். பைப் ரெஞ்சை மாட்டித் திருகினேன். ஓட்டிப் பார்த்தோம். உதறல் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். இன்னும் குறைந்தது. ஓட்டுநர் என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நான் திருகியது எதை என்று பார்த்துவிடுவோம்.

மேலிருந்து பார்த்தால், இரண்டு முன்சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம் பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் டோ-இன். முன்னால் இருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்க்கும்போது கிங்பின்னின் தலை பின்பக்கம் சாய்ந்திருப்பது கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதல்லவா, அதே சங்கதிதான். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் உதவுகிறது. இந்த ஜீப்புகளின் மூதாதையான வில்லீஸ் ஜீப்புக்குச் சொல்லப்பட்ட அளவுகள்: கேஸ்டர் 3 டிகிரி, கேம்பர் 1½ டிகிரி, கிங்பின் உட்சாய்வு 7½ டிகிரி, டோ-இன் 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். உங்கள் கையில் இருக்கும் வண்டிக்கு அதன் கையேட்டைப் பாருங்கள். எல்லா ஜீப்புக்கும் ஒரே அளவு அல்ல.

முன்னாலும் ஒற்றை இரும்பு ஆக்ஸில் இருக்கும் வண்டியில் கேம்பர், கேஸ்டர், உட்சாய்வு மூன்றும் தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுகின்றன. ஸ்பேனருக்கு வசப்படுவது டோ-இன் ஒன்றுதான். வசப்படுகிறது என்பதாலேயே எல்லோரும் முதலில் அதன் மேல் கை வைக்கிறோம். டோ-இன்னைக் கூட்டினால் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளும். அந்த இறுக்கத்தில் மூட்டுகளில் உள்ள ஆட்டம் அடங்கிப்போகும். உதறல் குறைந்தது போலத் தெரியும். நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

மூன்று வாரம் கழித்து அதே ஜீப் திரும்பி வந்தது. இந்த முறை மேஸ்திரி இருந்தார். ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் முன் டயரைக் காட்டினார். இரண்டு டயரின் வெளிவிளிம்பும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. மேஸ்திரி என் கையைப் பிடித்து டயரின் மேல் வைத்தார். வெளியிலிருந்து உள்நோக்கித் தடவினால் வழுக்கியது. உள்ளிருந்து வெளிநோக்கித் தடவினால் ரம்பப் பல் போலக் கையைக் கீறியது.

"என்னடா தெரியுது?"

"டோ-இன் ஜாஸ்திண்ணே."

"யாரு வச்சது?"

நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். அளந்தேன். பின்னால் 1,238 மில்லிமீட்டர், முன்னால் 1,230. எட்டு மில்லிமீட்டர்! சுமார் 711 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் எட்டு என்றால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது இரண்டு டயரும் சேர்ந்து பதினோரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட வேண்டும். மூன்று வாரத்தில் வண்டி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டால் 22 கிலோமீட்டர் வருகிறது. அந்த மனிதரின் டயர்களை நான் போடியிலிருந்து மலை உச்சி வரைக்கும் குறுக்கே இழுத்துச் சென்று தேய்த்தது போல!

பிறகு மேஸ்திரி பார்த்த முறையை அப்படியே எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரிதான்.

முதலில் கியரை இரு சக்கர இயக்கத்தில் போட்டு, வண்டியைச் சில அடி பின்னுக்கும் முன்னுக்கும் உருட்டச் சொன்னார். நான்கு சக்கர இயக்கத்தில் தார்ச் சாலையில் ஓடிய வண்டியின் ஷாஃப்டுகள் முறுக்கேறி நிற்கும். அந்த முறுக்கோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். அடுத்து நான்கு டயரிலும் காற்று. அதன்பின் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, தலையிலும் அடியிலும் கை வைத்து ஆட்டினார். ஆடியது. "பிரேக்க மிதி" என்றார். மிதித்தேன். அப்போதும் ஆடியது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றிருந்தால் ஹப் பேரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிரேக்கோடு சேர்ந்தும் ஆடினால் கோளாறு கிங்பின் பேரிங்கில். இந்த ஒரு சோதனையை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கருவி எதுவும் தேவையில்லை.

ஜாக்கியை இறக்கிவிட்டு, என்னை ஸ்டேரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டச் சொல்லி, அவர் அடியில் படுத்து ஒவ்வொரு டை ராடு எண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அவை நன்றாக இருந்தன. யூ போல்ட் இறுக்கமாக இருந்தது. பிறகு எழுந்து வண்டியைப் பக்கவாட்டில் இருந்து வெகுநேரம் பார்த்தார்.

"பின்னாடி பிளேட் போட்டியா?" என்று ஓட்டுநரைக் கேட்டார்.

"ஆமா மேஸ்திரி. ரெண்டு பிளேட் சேத்தேன். பதிமூணு பேர் ஏறுறாங்க, தட்டுது."

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது. பட்டறையில் நின்ற இன்னொரு ஜீப்போடு ஒப்பிட்டு அளந்தோம். பின்பக்கம் 50 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. வீல்பேஸ் 2,300 மில்லிமீட்டர். பின்பக்கம் தூக்கினால் சேஸ் மூக்குக் குத்தும். ஸ்பிரிங்கோடு முன் ஆக்ஸிலும் முன்னுக்கு உருளும். கிங்பின் அந்த அளவுக்கு நிமிரும். 50-ஐ 2,300-ஆல் வகுத்து டிகிரியாக்கினால் ஒன்றே கால் டிகிரி. மூன்று டிகிரி கேஸ்டரில் ஒன்றே கால் போனால், சக்கரத்தைத் தானாக நேர்ப்படுத்தும் சக்தியில் கணிசமான பகுதி போய்விடும். ஆட்களை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கிக் கேஸ்டர் திரும்பி வரும், உதறல் குறையும். இறக்கிவிட்டால் மறுபடி உதறும். ஓட்டுநர் முதல் நாளே இதைத்தான் சொன்னார்!

"அப்ப முன் ஆக்ஸில்ல ஆப்பு வச்சுக் கேஸ்டரக் கூட்டலாமாண்ணே?" என்று கேட்டேன். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சரிவான தகடு வைப்பது பழைய வழக்கம். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு அடியில் இருந்தால் தகட்டின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். மேலே இருந்தால் பின்னால். மேஸ்திரி தலையை ஆட்டினார். "இதென்ன லாரியா? முன்னாடியும் கிரவுன் இருக்குடா."

இரு சக்கர இயக்க வண்டிக்கும் நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான் என்பது என் எண்ணம். லாரியின் முன் ஆக்ஸில் வெறும் இரும்புக் கட்டை. எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டலாம். ஜீப்பின் முன் ஆக்ஸிலில் பினியன் இருக்கிறது; அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகிறது. கேஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலை உருட்டினால் பினியனின் மூக்கு கீழே இறங்கும். யூ ஜாயின்டின் கோணம் கூடும். நான்கு சக்கரத்தில் ஏறும்போது அதிர்வு வரும், கிராஸ் சீக்கிரம் போகும். ஆகவே தகடு கடைசி வழி.

கடைசியில் பின்னால் சேர்த்த இரண்டு பிளேட்டில் ஒன்றைக் கழற்றினோம். "பதிமூணு பேர்ங்கிறதக் கொஞ்சம் கொறச்சுக்கப்பா" என்றார் மேஸ்திரி; ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. கிங்பின் பேரிங்கைப் புதிதாகப் போட்டு, மேல் மூடிக்கு அடியில் உள்ள ஷிம்களைக் குறைத்து, ஆட்டம் போய்ச் சற்றே இறுக்கமாகத் திரும்பும்படி வைத்தோம். அதன் பிறகுதான் டை ராடு.

இப்போது அளக்கும் முறை. ஜாக்கியில் தூக்கி அளப்பது தவறு. சக்கரம் தரையில் எடையோடு நிற்க வேண்டும். டயரின் நடுவில் சாக்கட்டி பூசி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஆணி முனையால் ஒரு கோடு இழுங்கள். இறக்கி, ஸ்டேரிங்கை நேராக வைத்து, வண்டியைக் கையால் முன்னுக்குச் சில அடி தள்ளி நிறுத்துங்கள். பிரேக் பிடிக்கக் கூடாது. ஹப்பின் உயரத்தில், முன்புறம் இரண்டு டயரிலும் கோட்டின் மேல் அடையாளம் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை முன்னுக்கே தள்ளுங்கள். அடையாளம் அரைச் சுற்றுச் சுற்றிப் பின்புறம் ஹப்பின் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். அதே புள்ளிகளை இரண்டு முறையும் அளப்பதால் ரிம் கோணலாக இருந்தாலும் பாதிக்காது. பின் அளவில் முன் அளவைக் கழித்தால் டோ-இன். ரிம்மில் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 16 அங்குல ரிம்மில் 2 மில்லிமீட்டர் என்பது டயரில் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சமம். கணினி அலைன்மென்ட் கடைகளில் கோணத்தில் காட்டுவார்கள். இந்த டயரில் 2 மில்லிமீட்டர் என்பது சுமார் 10 நிமிடக் கோணம்.

டை ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் அதை நீட்டும்போது டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் குறையும். படுத்துப் பார்க்காமல் திருகாதீர்கள். அளவு வந்ததும் கிளாம்பை இறுக்குங்கள். எண்டைக் கழற்றியிருந்தால் புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது பாவம். ஸ்டாப் போல்ட்டையும் பாருங்கள். சக்கரம் அளவுக்கு மீறித் திரும்பினால் நான்கு சக்கர இயக்கத்தில் ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஜாயின்ட் உடையும்.

நான்கு சக்கரமும் இழுக்கும்போது டோ-இன் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பின்சக்கரம் தள்ளும்போது சாலையின் தடை முன்சக்கரங்களை விரிக்கப் பார்க்கும். அதற்காக முன்கூட்டியே உள்நோக்கி வைக்கிறோம். முன்சக்கரமும் இழுத்தால் அவை தாமாகவே உள்நோக்கி வரப் பார்க்கும். இந்த ஜீப்புகள் பெரும்பாலான நேரம் இரு சக்கர இயக்கத்தில்தான் ஓடுகின்றன என்பதால் கொஞ்சம் டோ-இன் உண்டு. எப்போதும் நான்கும் இழுக்கும் வண்டிகளில் பூஜ்யத்தை ஒட்டி வைப்பது வழக்கம்.

2020இல் வந்த தார் போன்ற வண்டிகளில் முன்சக்கரங்கள் தனித்தனியே தொங்குகின்றன. அது வேறு பாடம். ஆனால் 2023இல் இங்கே விற்பனைக்கு வந்த ஜிம்னியிலும் முன்னால் ஒற்றை ஆக்ஸில்தான். ஆகவே இது பழைய பாடம் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

டயர் விஷயம் மிச்சம். முன்னால் இரண்டு புது டயர் வாங்கிவிடுகிறேன் என்றார் ஓட்டுநர். மேஸ்திரி தடுத்தார். புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோமீட்டருக்கு முன்னும் பின்னும் பதினாறு பதினேழு மீட்டர் வித்தியாசம் வருகிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் அவ்வளவும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில் விழும். நான்கு டயரின் சுற்றளவையும் டேப்பால் அளந்து, ஏறக்குறைய ஒத்துவருவதைப் பார்த்துக்கொண்டு, முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போட்டோம்.

டோ-இன் 2 மில்லிமீட்டரில் வைத்தது நான்தான். மேஸ்திரி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வெறும் வண்டியை முந்தல் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். அறுபதிலும் ஸ்டேரிங் சும்மா இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சொன்னபடி ஜீப் வந்தது. மறுபடி உருட்டி அளந்தேன். இரண்டே மில்லிமீட்டர். யூ போல்ட் நட்டுகள் மட்டும் கால் சுற்று வாங்கின. தேய்ந்த டயருக்கான பணத்தைப் பற்றி அந்த அண்ணன் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.