உமணர் ஒழுகை

உறையுளும் அடுக்களையும் அமைந்த உந்துவண்டியிற் குடும்பத்தோடு புறப்பட்டு, வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி, அங்கேயே சமைத்து உண்டு உறங்கி, மறுநாள் அப்பாற் செல்லும் வழக்கம் மேலைநாடுகளிற் பரவியுள்ளது. இதனை இக்காலப் புதுமை என்று எண்ணுவோர் பலர். ஆயினும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே, வண்டியையே வீடாகக் கொண்டு ஊர்தோறும் சென்ற மக்கள் தமிழகத்தில் இருந்தனர். அவர்களே உமணர் எனப்பட்ட உப்பு வணிகர். அவர்கள் பொழுதுபோக்குக்காகச் சென்றாரல்லர். வாழ்க்கையை நடத்தவே சென்றனர்.

விழுப்புரம் மாவட்டத்தில், வங்கக் கடலோரத்தே மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. பாத்திகளில் உவர்நீரைத் தேக்கிவைப்பர். கதிரவன் வெம்மையாலும் கடற்காற்றாலும் நீர் வற்ற, உப்புப் படியும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பே கரைந்துள்ளது. ஆதலின், ஒரு கூடை உப்பைப் பெறுவதற்குப் பெருமளவு நீர் வற்றுதல் வேண்டும். இடையே மழை பெய்யின் விளைந்த உப்பும் கரைந்துபோம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரிய எயிற்பட்டினம் என்னும் கடற்கரைப் பட்டினத்தைக் கூறுகின்றது. அஃது இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. இத்தகைய நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்றவர் உமணர். மருத நிலத்தில் நெல் விளையும். குறிஞ்சி நிலத்தில் தேனும் தினையும் கிடைக்கும். உப்போ ஆங்கு விளையாது. உமணர் வாரா ஊரில் உணவு சுவையிழக்கும். அவர்கள் உப்பைக் கொடுத்து அதற்கு ஈடாக நெல்லைப் பெற்றனர்.

அவர்களது வண்டியின் அமைப்பைப் பெரும்பாணாற்றுப்படை விளக்கமாகக் காட்டுகின்றது. வண்டியின்மேல் ஆரைப் புல்லால் வேய்ந்த கூரை இருந்தது. வாயிலிற் கோழி அடையும் கூடு இருந்தது. சிறிய உரல் ஒன்று கயிற்றாற் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. முன்புறத்தே காடி வைத்த கலம் இருந்தது. கைக்குழந்தையையுடைய தாய் எருதுகளை ஓட்டிச் சென்றாள். வேப்பிலைக் கண்ணி சூடிய வலிய ஆடவர் வண்டி வரிசையைப் பக்கத்தே காத்து நடந்தனர். இவ்வண்டி வரிசைக்கே ஒழுகை என்பது பெயர்.

ஒழுகையாகச் சென்றதற்குக் காரணம் உண்டு. வழி நெடிது; காடும் மேடும் நிறைந்தது; வழிப்பறிக்கு அஞ்சவேண்டியது. தனி வண்டி இடையில் முறிந்துவிடின் குடும்பம் முழுவதும் துன்புறும். ஆகவே, பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ அச்சு முறியலாம் என்று எண்ணி, மற்றோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு சென்றனர். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். ஔவையார் புறநானூற்றுப் பாடலொன்றில், அதியமான் மகன் பொகுட்டெழினியை இச்சேம அச்சுக்கு உவமித்துள்ளார். துன்பம் வருமுன் அதற்குரிய துணையைத் தேடிக்கொள்வதே அறிவுடைமை என்பது இவ்வுவமையாற் புலனாகும்.

தங்கும் இடத்தில் உமணர் கற்களைக் கூட்டி அடுப்பமைத்துச் சமைத்தனர். மறுபடி புறப்படுங்கால் அக்கற்களை அங்கேயே விட்டுச் சென்றனர். பின்னர் அவ்வழியே வந்த வில்வீரராகிய மழவர் அவ்வடுப்பிலேயே ஊன் சமைத்தனர் என்று அகநானூறு கூறும். தமக்காக அமைத்த அடுப்பு, தாம் அறியாதார்க்கும் பயன்பட்டது. வழிநடையிலும் சிறுவர் விளையாட்டு நின்றதில்லை. கொற்கைக் கரையில் உமணரோடு வந்த மந்தி, கிளிஞ்சிலுள் முத்துகளை இட்டு, உமணச் சிறுவரோடு கிலுகிலுப்பை ஆடியதாகச் சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது.

காலம் மாறிற்று. மரக்காணத்திலிருந்து வடக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாயிற் பிற்காலத்தே படகுகள் சரக்கேற்றிச் சென்றன. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையிற் சரக்குந்துகள் விரைகின்றன. ஆயினும், வெயிலில் நின்று உப்பை வாரிக் குவிக்கும் உழைப்பாளர் கைகள் ஓயவில்லை. உணவில் இடும் ஒரு சிட்டிகை உப்பிலும் விளைவிப்போர் உழைப்பும், நெடுவழி கடந்து கொணர்வோர் உழைப்பும் கலந்துள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.